ஓலைக் காற்றாடியும் ஒரு பழைய ஜைரோபிளேனும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் பேசினார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நம் திருப்பாலைக்குடிப் பிள்ளைதான். நலம் விசாரித்து முடித்ததும், "சார், நான் ஒரு ஜைரோபிளேன் வச்சிருக்கேன்ல, அதை விக்கப் போறேன்" என்றார்.

அந்த வண்டியின் படத்தை முன்பே அனுப்பியிருந்தார். பெட்டிகளில் வந்த உதிரிப் பாகங்களை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வைத்து, ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையுமாக அவரே கோத்துக் கட்டியது. இப்போது முதுகுவலி, பிள்ளையின் படிப்புச் செலவும் சேர்ந்துவிட்டது. விற்பதில் எனக்கென்ன வேலை என்று நினைத்தேன். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"வாங்க வர்றவன் சின்னப் பையன் சார். பழக்கம் கிடையாது. விலை கட்டுப்படியாகுதுன்னு உடனே எடுத்துக்கிறேன்கிறான். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கிளம்பும்போது மேல சுத்துற இறக்கை தாழ்ந்து வந்து வாலைத் தட்டிருச்சு. வாலை மாத்திட்டேன். இறக்கையை நானே பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன். பதிவேட்டுல எழுதல. இதை அவன்கிட்டச் சொல்லணுமா?"

நான் பொறியாளன் அல்ல. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, கரும்பலகையும் சாக்பீசுமாக வாழ்ந்தவன். "ரெண்டு நாள் கொடுப்பா" என்று சொல்லிவிட்டு, இந்த வண்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், ஜைரோபிளேன் என்றால் என்ன? உச்சிப்புளியில் இருக்கும் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். பருந்திலிருந்து வரும் ஹெலிகாப்டரை நாம் அடிக்கடி அண்ணாந்து பார்க்கிறோம். அதில் இன்ஜின்தான் மேலிருக்கும் இறக்கையைச் சுற்றுகிறது. ஜைரோபிளேனில் அப்படி இல்லை. இன்ஜின் சுற்றுவது விசிறியை மட்டும். இன்றைய வண்டிகளில் அது பெரும்பாலும் பின்னால் இருக்கும். அது வண்டியை முன்னே தள்ளுகிறது. வண்டி ஓட ஓட எதிர்க்காற்று மேலிருக்கும் இறக்கையின் ஊடே புகுந்து அதைச் சுற்றுகிறது.

சிறுவயதில் பனை ஓலையைக் கிழித்து, கருவேல முள்ளைக் குத்திக் காற்றாடி செய்துகொண்டு கடற்கரையில் ஓடுவோமே, அதேதான். நாம் ஓடினால் அது சுற்றும். ஆகவே நடுவானில் இன்ஜின் நின்றாலும் இறக்கை சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டி மெல்ல இறங்கும். ஆனால் ஓலைக் காற்றாடியைக் காற்றுக்கு முகம் காட்டாமல் திருப்பினால் என்ன ஆகும்? நின்றுவிடும். இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்பெயின் நாட்டு ஹுவான் டி லா சியர்வா. 1919-இல் அவர் வடிவமைத்த மூன்று இன்ஜின் விமானம், வேகம் குறைந்து தூக்குவிசை இழந்து விழுந்து நொறுங்கியது. வேகம் குறைந்தாலும் விழாத விமானம் வேண்டும் என்று அவர் யோசிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். முதல் மூன்று வண்டிகளும் பக்கவாட்டில் சாய்ந்தன. சிறிய மாதிரி மட்டும் ஒழுங்காகப் பறந்தது. காரணம், மாதிரியின் இறக்கைத் தண்டுகள் வளைந்து கொடுக்கும் பிரம்பால் ஆனவை. (பிரம்பு என்றதும் என் மாணவர்கள் சிலர் உள்ளங்கையைத் தடவிக்கொள்வது எனக்குத் தெரிகிறது!) பெரிய வண்டியிலும் இறக்கைகளின் அடியில் கீல் வைத்து, மேலும் கீழும் அசைய விட்டார். 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே கெட்டாஃபேயில் அது பறந்தது. 1928 செப்டம்பர் 18 அன்று ஆங்கிலக் கால்வாயையே தாண்டினார். விழாத விமானத்துக்காக உழைத்த அந்த மனிதர் 1936 டிசம்பரில், லண்டன் குரொய்டனில் மூடுபனியில் கிளம்பிய சாதாரணப் பயணி விமானம் விழுந்து இறந்தார். வயது 41.

சொந்தமாக விமானம் கட்டும் ஆசை நம் தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. 1910-லேயே சென்னையில் ஓட்டல் நடத்திய தி ஆஞ்சலிஸ் என்பவர் தாமே வடிவமைத்த விமானத்தை சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டச் செய்து பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

இனி நம் கதைக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ஃபா 330 என்ற இன்ஜின் இல்லாத ஜைரோ ஒன்றைச் செய்தார்கள். நீர்மூழ்கிக் கப்பல் மேலே வந்து ஓடும்போது, கயிற்றில் கட்டிய பட்டம்போல ஒரு மாலுமியைத் தூக்கிக்கொண்டு அது எழும்பும். அவர் உயரத்திலிருந்து எதிரிக் கப்பலைத் தேடுவார். 1943 ஆகஸ்ட் 6 அன்று மடகாஸ்கர் பக்கம் ஒரு கிரேக்கக் கப்பலை இப்படிக் கண்டு மூழ்கடித்தார்கள். அதுவும் நம் இந்தியப் பெருங்கடலில்தான்.

போர் முடிந்த பிறகு இப்படிப்பட்ட கருவிகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர், ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இகோர் பென்சன். 1953-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். சாமானியனும் பறக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வரைபடத்தையும் உதிரிப் பாகங்களையும் பத்திரிகை விளம்பரம் மூலம் விற்றார். 1957-இல் வந்த அவருடைய பி-8எம் வண்டியில், பயிற்சி இலக்காகச் சுட்டு வீழ்த்தப்படும் ஆளில்லா விமானங்களுக்கான மக்கல்லக் இன்ஜினைப் பொருத்தினார்கள். மெக்கானிக், விவசாயி, வாத்தியார் என்று பலரும் வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டினார்கள். என் மாணவர் கட்டியதும் அந்த வம்சத்து வண்டிதான்.

ஆனால் இதில் ஒரு துயரமும் உண்டு. கட்டினவர் ஒவ்வொரு ஆணியையும் அறிவார். அலுத்துப்போய் அவர் விற்கும்போது, வாங்கினவருக்கு வண்டி மட்டும்தான் போனது. அந்த அறிவு போகவில்லை. ஒற்றை இருக்கை என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளும் இல்லை. சாதாரண விமானம் ஓட்டிய பழக்கத்தில், மூக்கு எழும்பினால் கைப்பிடியைச் சட்டென்று முன்னால் தள்ளுவார்கள். ஜைரோவில் அப்படித் தள்ளினால் இறக்கையின் ஊடே வரும் காற்று போய்விடும். காற்றுக்கு முகம் காட்டாத ஓலைக் காற்றாடி! சுற்று குறைந்து, இறக்கை வாலையே வெட்டும். அதற்குப் பிறகு பிழைப்பது அரிது. தானே கற்றுக்கொள்ளப் பார்த்து இறந்தவர்கள் பலர்.

இன்னொரு பக்கம் இங்கிலாந்தின் கென் வாலிஸைப் பாருங்கள். 1967-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வரும் 'லிட்டில் நெல்லி' அவர் கட்டியது; படத்தில் ஓட்டியதும் அவரே. உலகமே கேட்டும், பொழுதுபோக்குக்குப் பறப்பவர்களுக்குத் தம் வண்டிகளை அவர் விற்பனைக்கு விடவில்லை. 1970 செப்டம்பரில் ஃபார்ன்பரோ கண்காட்சியில், அவர் வடிவமைத்த வண்டி ஒன்றில் பறந்த கைதேர்ந்த சோதனை விமானியே விழுந்து இறந்தார். வாலிஸோ 2002-இல், தமது 86-ஆம் வயதில், மணிக்கு 207.7 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து உலக சாதனை படைத்தார். 2013-இல் 97 வயதில் இறந்தார்.

பென்சன் எல்லோருக்கும் விற்றார். வாலிஸ் அப்படி விற்கவில்லை. யார் சரி என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை. பென்சன் இல்லாவிட்டால் என் மாணவர் பறந்தே இருக்க மாட்டார். என் மனத்தில் நின்றது ஒன்றுதான்: விற்கும்போது வண்டியோடு இன்னொன்றையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இப்படி ஒரு விதியே உண்டு. விமானத்தின் பெரும்பகுதியைத் தானே கட்டியவருக்கு, அதை ஆண்டுதோறும் சோதித்துச் சான்றளிக்கும் உரிமை கிடைக்கும். வண்டியை விற்றால் அந்த உரிமை வாங்கினவருக்குப் போகாது. கைப்பட்ட அறிவை விலைக்கு விற்க முடியாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

அப்போது எனக்கு அப்பா நினைவு வந்தது. இதை என் பிள்ளைகளிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

நான் ஆறாவது படிக்கும்போது அப்பா எங்கள் பழைய வத்தையை விற்றார். அணியத்துப் பக்கம் ஒரு பலகை உள்ளுக்குள் உளுத்திருந்தது. கீல் பூசி மறைத்திருந்தார். வாங்கினவர் வடக்கே ஓர் ஊர்க்காரர். "எல்லாம் நல்லா இருக்குல்ல?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

மூன்றாம் மாதம் கடலில் பலகை விட்டுவிட்டது. அவரும் அவர் மகனும் மிதந்து கிடந்து, வேறு படகுக்காரர்கள் கண்டதால் பிழைத்தார்கள். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று அம்மா உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தார். அவர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். "பையன் பொழச்சிட்டான், அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். எழுந்து போய்விட்டார். அப்பா அந்த வருடம் முழுக்கக் கடன் வாங்கி, வத்தை விற்ற பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டாரே தவிர, அதன்பின் எங்கள் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பில் 'வாய்மை' நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் எனக்கு அந்தத் தண்ணீர்ச் சொம்புதான் கண்ணில் நின்றது.

இரண்டு நாள் கழித்து மாணவரிடம் அப்பா கதையைச் சொன்னேன். மூன்று காரியம் செய்யச் சொன்னேன். வால் தட்டிய நாளைப் பதிவேட்டில் உன் கையாலேயே எழுது. அந்த இறக்கைகளை, தெரிந்தவர் சோதித்துச் சரி என்று சொல்லாமல் விற்காதே. வாங்குகிறவர் இரட்டை இருக்கை வண்டியில் ஆசிரியரோடு பயிற்சி முடித்த பிறகே சாவியைக் கொடு.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "விலை பாதியாயிரும் சார்" என்றார். "ஆகட்டும்பா" என்றேன்.

நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தார். பதிவேட்டின் பக்கம். தேதி, நடந்தது, கையெழுத்து. அந்தச் சின்னப் பையன் கோபப்பட்டுப் போய்விட்டானாம். வண்டி இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறதாம்; இறக்கைகளைச் சோதனைக்குக் கழற்றி அனுப்பிவிட்டாராம். "நல்லாத் தூங்கினேன் சார்" என்று மட்டும் கீழே எழுதியிருந்தார்.

வண்டியோ, வீடோ, மாடோ, எதை விற்றாலும் வாங்குகிறவர் கேட்பதற்கு முன்பே குறையைச் சொல்லிவிடுங்கள், பிள்ளைகளே. ஓய்வுபெற்ற பிறகும் வாத்தியார் பாடம் நடத்துகிறார் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.