சிக்னலில் நின்றால் கார் நடுங்குதா? இன்ஜின் மவுன்ட்டைக் கவனிங்க!

ரெட் சிக்னல். கார் நியூட்ரலில் நிற்கிறது. ஏ.சி-யைப் போட்டதும் ஸ்டீயரிங், சீட் எல்லாம் கிடுகிடுவென ஆடும். கிளம்பி வேகமெடுத்தால் அதிர்வு குறைந்துவிடும். ‘ஸ்பார்க் ப்ளக்கை மாத்துங்க’ என்பார் ஒருவர். ‘இன்ஜெக்டரை க்ளீன் பண்ணுங்க’ என்பார் இன்னொருவர். செக் இன்ஜின் லைட் எரிந்தாலோ, பிக்கப் குறைந்தாலோ அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். அப்படி எதுவும் இல்லையா? முதலில் இன்ஜின் மவுன்ட்டைப் பாருங்க.

இன்ஜினை காரின் பாடியோடு சேர்த்துத் தாங்கிப் பிடிப்பதுதான் மவுன்ட். இரும்புக்கு நடுவே ரப்பர் இருக்கும். சில கார்களில் உள்ளே திரவமும் இருக்கும். முன்சக்கரங்களில் இயங்கும் கார்களில் பெரும்பாலும் 3 அல்லது 4 மவுன்ட்கள்.

எப்படி செக் பண்றது?

பானெட்டைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. ரப்பரில் வெடிப்பு, இரும்பிலிருந்து பிய்ந்த இடைவெளி, திரவம் கசிந்த கறை இருந்தால் மவுன்ட் போயிடுச்சு.

அடுத்த டெஸ்ட்டுக்கு, கார் ஓட்டத் தெரிந்த ஒருவர் வேணும். ஹேண்ட் பிரேக் போட்டு, ஃபுட் பிரேக்கையும் அழுத்தி மிதிச்சபடி, முதல் கியரில் க்ளட்ச்சை லேசா விடச் சொல்லுங்க. பிறகு ரிவர்ஸ் கியரிலும் அதே மாதிரி. இன்ஜின் கொஞ்சம் அசைவது சகஜம். தூக்கிப் போட்டு ‘டங்’குன்னு அடிச்சா, அது ஆபத்து. காருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காதீங்க. பக்கவாட்டில் நின்னு பாருங்க.

மாத்தும்போது...

இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வெச்சு, ஜாக்கியால் தாங்கிய பிறகே போல்ட்டைக் கழற்றணும். கட்டை இல்லாவிட்டால் ஆயில் சம்ப் நசுங்கும். ஒவ்வொரு மவுன்ட்டாக மாத்துவது நல்லது. புது போல்ட்களைக் கையால் மாட்டி, இன்ஜின் இயல்பாக உட்கார்ந்த பிறகு, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சில் இறுக்கணும். இதை ஒர்க்‌ஷாப்பில் செய்வதே பாதுகாப்பு.

மறக்கக் கூடாத கேள்வி ஒண்ணு: ‘பழசு ஏன் போச்சு?’ மேலேயிருந்து இன்ஜின் ஆயில் சொட்டி ரப்பரை ஊற வெச்சிருந்தா, லீக்கை அடைக்காமல் புதுசு போட்டாலும் அதுவும் சீக்கிரம் கெட்டுடும். தள்ளிப்போட்டால், பக்கத்து மவுன்ட்கள் கூடுதல் பாரம் தாங்கும். ஹோஸ், சைலன்ஸர் பைப், டிரைவ் ஷாஃப்ட் வரை இழுபடும். சின்ன ரப்பர் செலவு, பெரிய பில்லா வளர்ந்துடும்!