வயிற்று வலி, பீரியட்ஸ் வலிக்கு 'மெஃப்டால் ஸ்பாஸ்' போடுறீங்களா? கவனிக்க வேண்டியது என்ன? முழு விவரம்

"அண்ணா, வயித்து வலி மாத்திரை ஒண்ணு குடுங்க..." காட்பாடியிலும் ஆம்பூரிலும் மெடிக்கல் ஷாப் கவுன்டரில் சகஜமாகக் கேட்கும் வார்த்தை இது. மாதவிடாய் வலி வந்தாலும் ஷூ கம்பெனிக்கு லீவு போட முடியாது என்று, ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு தையல் மெஷின் முன் உட்காரும் பெண்கள் பலர். இப்படி அடிக்கடி வாங்கப்படும் மாத்திரைகளில் ஒன்று மெஃப்டால் ஸ்பாஸ். ஆனால், இது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய 'ஷெட்யூல் ஹெச்' மருந்து. ஏன் அந்தக் கட்டுப்பாடு?

மாத்திரைக்குள் என்ன இருக்கு?

ஒரு மாத்திரையில் இரண்டு மருந்துகள் உள்ளன. ஒன்று, மெஃபெனமிக் ஆசிட் 250 மி.கி. மாதவிடாயின்போது கர்ப்பப்பையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து, தசையை இறுக்கிப் பிழியும். அதுதான் வலி. அந்தச் சுரப்பை இந்த மருந்து குறைக்கிறது. இரண்டாவது, டைசைக்ளோமின் 10 மி.கி. இது குடல் போன்ற உறுப்புகளின் தசை இறுக்கத்தைத் தளர்த்தும்.

அதனால் சுருட்டிப் பிடிக்கும் வலி குறைவது உண்மைதான். ஆனால், எல்லா வயிற்று வலியும் ஒன்றல்ல. மாதவிடாய் வலியைக் குறைக்கும் அதே மெஃபெனமிக் ஆசிட், அல்சர் இருப்பவருக்குப் புண்ணை மோசமாக்கி ரத்தக்கசிவு வரை கொண்டுபோகலாம். 'அவளுக்குக் கேட்டுச்சு, எனக்கும் கேட்கும்' என்று மாத்திரையைப் பகிர்வது ஆபத்தாவது இதனால்தான்.

வெயிலுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

டைசைக்ளோமின் வியர்வையைக் குறைக்கும் தன்மை கொண்டது. வியர்க்காவிட்டால் உடம்புச் சூடு வெளியேறாது. கோடையில் வேலூர் வட்டாரத்தில் வெயில் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாட்கள் உண்டு. தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்பவர்களுக்கு இது வெப்ப மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். 10 மி.கி. குறைந்த அளவுதான். ஆனால் வலி நிற்கவில்லை என்று ஒரே நாளில் மூணு, நாலு என்று போடும்போது அளவு ஏறிவிடும்.

வாய் உலர்வது, தூக்கக் கலக்கம், பார்வை மங்குவது, மலச்சிக்கல் ஆகியவையும் வரலாம். தையல், கட்டிங் மெஷினில் இருப்பவர்களும், டூவீலர் ஓட்டுபவர்களும் கவனமாக இருக்கணும். கண் மங்கினால் மெஷினை விட்டு எழுந்துவிடுவதே நல்லது.

2023-ல் வந்த எச்சரிக்கை என்ன?

மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய பார்மகோபியா ஆணையம், 2023 நவம்பர் 30 அன்று மெஃபெனமிக் ஆசிட் பற்றி பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. இந்த மருந்தால் 'ட்ரெஸ் சிண்ட்ரோம்' என்ற தீவிர ஒவ்வாமை வரலாம் என்பதே அது. பொதுவாக மருந்து தொடங்கி 2 முதல் 8 வாரங்களில் காய்ச்சல், தோல் தடிப்பு, முகவீக்கம், நெறிகட்டுதல் தோன்றும். கல்லீரல், சிறுநீரகம் வரை பாதிக்கலாம். இது அரிதானது. மருந்து தடை செய்யப்படவும் இல்லை. ஆனால் மாத்திரை போட்ட சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு தடிப்பு வந்தால், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லணும்.

பெயர் தெரியாத மாத்திரை வேண்டாம்

தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் துறையில் சுமார் 100 பெண்களிடம் பேசி, தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-ல் ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலிக்கு வேலையிடத்திலேயே லேபிள் இல்லாத மாத்திரைகள் தரப்பட்டதாக அந்தப் பெண்கள் கூறியிருந்தனர். எந்தத் தொழிற்சாலையாக இருந்தாலும் சரி, யார் கொடுத்தாலும் சரி, அட்டையில் பெயரைப் பார்க்காமல் விழுங்காதீர்கள். பெயர் தெரியாவிட்டால், ஏதாவது ஆனபிறகு டாக்டருக்கும் காரணம் தெரியாது.

யாரெல்லாம் தவிர்க்கணும்?

* அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள்
* ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை அலர்ஜி உள்ளவர்கள்
* கண்ணில் கிளாக்கோமா, சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள்
* கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள்
* டெங்கு சந்தேகம் உள்ளவர்கள் (ரத்தக்கசிவு அபாயம்)

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டைசைக்ளோமின் கலந்த சொட்டு மருந்து கூடவே கூடாது. மூச்சுத்திணறல் வரலாம்.

எப்படி எடுத்துக்கணும்?

டாக்டர் சொன்ன அளவு மட்டும், சாப்பிட்ட பிறகு. வெறும் வயிற்றில் வேண்டாம். மாதவிடாய் வலிக்குப் பொதுவாக 2, 3 நாள் போதும். கூடவே இபுபுரூஃபன், டைக்லோஃபினாக் போன்ற வேறு வலி மாத்திரை சேர்க்கக் கூடாது. 'சைக்ளோபாம்' மாத்திரையில் டைசைக்ளோமினோடு பாராசிட்டமாலும் இருக்கிறது. அதோடு டோலோவும் போட்டால் பாராசிட்டமால் டபுள் ஆகிவிடும்.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி அப்பெண்டிக்ஸாக இருக்கலாம். மாதவிடாய் தள்ளிப்போய், ஒரு பக்கம் கடுமையாக வலித்து, தலைசுற்றினால் கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். ரத்த வாந்தி, கறுப்பு மலம், வயிறு கல் மாதிரி இறுகுவது, காய்ச்சலோடு வலி... இதில் எது வந்தாலும் மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். மாத்திரை வலியை மறைத்துவிட்டால், நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

மாதாமாதம் மாத்திரை இல்லாமல் முடியவில்லை, வலி கூடிக்கொண்டே போகிறது என்றால், எண்டோமெட்ரியோசிஸ் அல்லது கர்ப்பப்பைக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கணும். இ.எஸ்.ஐ. கார்டு உள்ள தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கலாம். மற்றவர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104. மாத்திரையால் பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் பதிவு செய்யலாம். அப்போது மருந்தின் பெயரும் கேட்கப்படும். அதனால் காலி அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.