சாலைக் கடைவீதியில் சீனச் சரக்கு

திருவனந்தபுரம் ஆரியசாலையில் சோற்றுக்கடை எதில் உட்கார்ந்தாலும் இலை விழுவதற்கு முன்பே இளஞ்சிவப்பு வெந்நீர் மேசைக்கு வந்துவிடும். முதல்முறை வரும் தமிழ்நாட்டுக்காரர் குழாயில் துரு ஏறியிருக்கிறது என்று நினைத்து டம்ளரைத் தள்ளி வைப்பதுண்டு. அது பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த நீர். தமிழில் சப்பங்கம் என்றும் வழங்கும் அந்த மரத்தின் வைரத்தைச் சீனர்கள் 'சூமூ' என்பார்கள். கி.பி. 659இல் தாங் பேரரசின் ஆணையால் தொகுக்கப்பட்ட மருந்து நூலிலேயே அதற்கு இடம் உண்டு.

பருவத்துக்கு ஒரு மூலிகைத் தேநீர், அதற்கேற்ப உடலை வருத்தாத சில ஆசனங்கள் என்று சீன மருத்துவத்தின் பெயரால் ஒரு வாழ்முறை இன்று உலகெங்கும் விலைபோகிறது. அதைக் கேட்ட உடனே, 'எங்கள் போகர் சித்தர் சீனாவுக்குப் போய்வந்தவர்தானே!' என்று மார்தட்டுவது நம் வழக்கம். போகரைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியிலிருந்து தொடங்கினால் இந்தத் தொடர்பின் வரலாறு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சித்த மருத்துவத்தில் மருந்துப் பொருளுக்குச் 'சரக்கு' என்றுதான் பெயர். வணிகனுக்கும் வைத்தியனுக்கும் சொல் ஒன்றே. கடல் கடந்து வந்ததும் போனதும் பெரும்பாலும் சரக்குத்தான். அதைப் பற்றிய சாத்திரம் ஏறிய துறையிலேயே நின்றுவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைவீதி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவானது. அதன் ஒரு பகுதி ஆரியசாலை. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் பவனியில் வேளிமலைக் குமாரசுவாமி வந்து தங்குவது இங்குள்ள தேவி கோயிலில்தான். முருகன் வரும் வழியிலேயே தமிழ் வணிகரும் வந்தார்கள். நாம் நாட்டு மருந்துக்கடை என்பதை இங்கே அங்காடி மருந்துக்கடை என்பார்கள். சுக்கு, கருங்காலி, வெட்டிவேர், பதிமுகம் சேர்ந்த தாகசமனிப் பொட்டலம், ஆடி பிறந்தால் (மலையாளிகளுக்குக் கர்க்கடகம்) நவரை அரிசியும் வெந்தயமும் சீரகமும் சேர்ந்த மருந்துக் கஞ்சிக் கூட்டு என்று அங்கே பருவம் பார்த்தே வியாபாரம் நடக்கிறது.

சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹேயின் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவான் எழுதிய 'யிங்யா ஷெங்லான்' 15ஆம் நூற்றாண்டு நூல். கொல்லத்தைப் பற்றிப் பேசும்போது, அங்கே சூமூவும் மிளகும் கிடைக்கின்றன, ஆனால் மிகுதியில்லை என்று ஒரு கணக்குப்பிள்ளையின் சிக்கனத்தோடு அவர் குறித்துவைத்தார். ஆரியசாலையிலிருந்து கொல்லம் எழுபது கிலோமீட்டருக்கும் குறைவு. ஆக இந்தக் கரையில் கிடைத்த மரம் சீனக் கப்பல்காரரின் கண்ணில் பட்டிருக்கிறது. மேற்கே ஐரோப்பியர் அதே மரத்தைச் சாயத்துக்காகப் 'பிரேசில்' என்று வழங்கினர்; பின்னர் அமெரிக்காவில் கண்ட அதன் உறவு மரத்துக்கும், அந்த மரத்தால் ஒரு நாட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

மரம் ஒன்றுதான், மருந்து இரண்டு. சீன மருத்துவத்தில் சூமூ தேங்கிய இரத்தத்தை ஓட்டுவது. அடிபட்ட வீக்கத்துக்கும் மாதவிலக்குத் தடைக்கும் கொடுப்பது. கருவுற்றவருக்கு ஆகாதென்று விலக்குவது. மலையாளக் கரையில் அது தாகம் தணிக்கும் குடிநீர். குளிர்ச்சி தரும் என்று வீட்டில் எல்லோரும் குடிப்பது. சரக்கோடு சாத்திரமும் பயணம் செய்திருந்தால் இவ்வளவு தூரம் விலகியிருக்காது. அந்த எச்சரிக்கையாவது கூட வந்திருக்கும்.

எதிர்த்திசையில் வந்தது பறங்கிப்பட்டை. சீனத்துக் கிழங்கு. 1535 வாக்கில் கோவாவுக்கு வந்ததாக, அங்கே வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா 1563இல் அச்சிட்ட நூலில் சொல்கிறார். பறங்கிப் புண் என்ற மேகநோய்க்கு அதுவே கண்கண்ட மருந்தாயிற்று. வடக்கே அதன் பெயர் சோப்சீனி. பாரசீக வழியில் வந்த அந்தப் பெயரில் சீனம் தங்கிவிட்டது. தமிழன் கொண்டுவந்து இறக்கியவனின் பெயரை வைத்தான். நோயும் பறங்கியுடையது, மருந்தும் பறங்கியுடையது. சீனம் காணாமல் போயிற்று. ஆனால் வாதம், பித்தம், ஐயம் என்ற கணக்குக்குள் அது சிக்கலின்றி அடங்கி, சூரணமாகி, இன்றும் அங்காடி மருந்துக்கடையின் டப்பாவில் இருக்கிறது. இந்தத் தன்வயப்படுத்தலைத்தான் சித்த மருத்துவத்தின் பெரிய திறமையாக நான் மதிக்கிறேன்.

இனிப் போகர். காலாங்கிநாதரின் மாணவர், சீனம் சென்றவர், பழனி நவபாஷாணச் சிலையைச் செய்தவர் என்பது மரபு. அவர் பேரில் வழங்கும் பாடல்களின் இன்றைய வடிவம் பிற்காலத்தது என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. அது தமிழருக்கு இழிவல்ல. சீனம் என்ற தேசம் சித்தர்களின் கற்பனையில் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. பயணத்துக்குச் சான்றாக அதைக் காட்டுவதுதான் தவறு.

உடற்பயிற்சியின் கதை இதைவிடச் சிக்கலானது. 1973இல் சீனாவின் மாவாங்துய் கல்லறையில் பட்டுத்துணி ஓவியம் ஒன்று கிடைத்தது. கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை அது. மூச்சோடு உடலை வளைத்து நீட்டும் 44 உருவங்கள் அதில் இருந்தன. நமக்குக் கிடைக்கும் ஹடயோக நூல்கள் எல்லாவற்றுக்கும் மிக முந்தியது அது. அதே சீனத்தில் 7ஆம் நூற்றாண்டு மருத்துவர் சுன் ஸிமியாவ் பதினெட்டு அசைவுகள் கொண்ட பயிற்சி ஒன்றைத் தந்து, அதை இந்திய முறை என்று பெயரிட்டார். அது உண்மையில் இங்கிருந்து போனதா, பாரதத்தின் பெயருக்கிருந்த மதிப்பில் ஒட்டிக்கொண்டதா என்பது இன்னும் வழக்குத்தான்.

ஆரியசாலைக்கு அருகிலேயே தைக்காட்டில் நமக்குத் திடமான ஒரு மனிதர் இருக்கிறார். தைக்காடு அய்யாவு சுவாமிகள் (1814–1909). தமிழர்; பிரிட்டிஷ் ரெசிடென்சியில் வேலை பார்த்ததால் 'சூப்பிரண்டு அய்யாவு' என்றே ஊர் அழைத்தது. சட்டம்பி சுவாமிகளுக்கும் நாராயண குருவுக்கும் யோகம் கற்பித்தவர். இளமையில் சித்தர் இருவரோடு பர்மா, பினாங்கு, சிங்கப்பூர் சென்றுவந்தார் என்கிறது அவர் மரபினர் சொல்லும் வரலாறு. சீனர் நிறைந்த துறைமுகங்கள் அவை. ஆனால் திரும்பிவந்து அவர் கற்பித்தது சிவராஜயோகம். அதில் சீனச் சாயல் இருப்பதாக அந்த மரபு உரிமை கொண்டாடியதில்லை.

இன்று சீன மருத்துவத்தின் பெயரில் வரும் மென்யோகம், 'யின் யோகா', அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. தாவோயிசப் பயிற்சி கற்ற பாலி ஸிங்க், அவரிடம் கற்ற பால் கிரில்லி, நாடிப் பாதைகளை ஆராய்ந்த ஜப்பானியர் ஹிரோஷி மோட்டோயாமா ஆகியோர் அதன் வேர்கள். ஓர் ஆசனத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம் அசையாமல் தங்குவது அதன் முறை. மூட்டு இறுகியவர்களுக்கும் முதியவர்களுக்கும், பார்த்துச் செய்தால், நல்லதே. அதோடு சேர்ந்து வரும் பருவக் கணக்கில்தான் இடறுகிறது. வசந்தத்துக்குக் கல்லீரல், கோடைக்கு இதயம், கோடையின் கடைசிக்கு மண்ணீரல், இலையுதிர்காலத்துக்கு நுரையீரல், குளிருக்குச் சிறுநீரகம் என்பது சீன மரபு. ஆரியசாலையில் இலையுதிர்காலம் எந்த மாதம்? இங்கே இடவப்பாதியில் ஒரு மழை, துலாத்தில் இன்னொரு மழை. முதல் மழையின் நடுவே கஞ்சி, வெயிலுக்குப் பதிமுகம், தொண்டை கட்டினால் சுக்குக் காப்பி. இந்த ஊரின் பருவ நூல் அங்காடி மருந்துக்கடைக்காரரின் வாயில் இருக்கிறது.

எந்தச் சரக்கு எந்த ஆண்டு, யாரிடமிருந்து, என்ன விலைக்கு வந்தது என்பதை உறுதியாகச் சொல்லக்கூடியவை கடைகளின் பழைய நாள்வழிகளும் பேரேடுகளும். பரணில் அப்படி ஏதேனும் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.