தேர்ச்சி பெற்ற பக்கமும் கேட்க முடியாத தமிழும்

மாற்றுத்திறனாளிகள் ஓர் இணையத்தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று தானாகச் சோதிக்கும் மென்பொருள்கள், 1996இல் அமெரிக்காவில் வந்த 'பொபி'க்குப் பின் பெருகிவிட்டன. அவற்றை ஆக்கியோர் கற்ற முதற்பாடம், கருவிக்குக் குறை தென்படாததால் பக்கத்தில் குறை இல்லை என்றாகிவிடாது என்பது. 2017இல் பிரித்தானிய அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு வேண்டுமென்றே பல தடைகளைப் புகுத்தி ஒரு பக்கத்தை அமைத்து, வழக்கிலுள்ள கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தது. 29 சதவீதத் தடைகள் எந்தக் கருவிக்கும் பிடிபடவில்லை. அது ஆங்கிலப் பக்கம். இலங்கைத் தமிழ்ப் பக்கங்களில் தடை வேறோர் இடத்திலும் இருக்கிறது. அதைப் பிடிக்க மனிதத் தீர்ப்புக்கூட வேண்டாம், கருவிக்கு எழுத்தறிவு இருந்தால் போதும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பூண்டுலோயாத் தோட்டமொன்றில் வாழும் விழிப்புலனற்ற ஒருவர், பிரதேச செயலகத்துக்குப் பஸ் ஏறாமல் கைத்தொலைபேசியிலேயே ஓர் அறிவித்தலைக் கேட்டறிய முடிந்தால், அதன் பயன் கொழும்புவாசிக்குக் கிடைப்பதைவிடப் பெரிது. அந்த அறிவித்தல், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சானது என்று கொள்வோம். திரையில் 'தமிழ்' என்றே தெரியும். உள்ளே பதிவாகியிருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். திரைவாசிப்பான் உள்ளிருப்பதைத்தான் வாசிக்கும். சோதனைக் கருவியும் உள்ளிருப்பதையே பார்க்கிறது, ஆனால் ஆங்கில எழுத்து அதன் கணக்கில் குறையல்ல. பக்கத்தின் மொழி குறிக்கப்பட்டுள்ளதா, நிறவேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவை எட்டுகிறதா என்றெல்லாம் பார்த்துத் தேர்ச்சி கொடுத்துவிடும். மறுபுறம், 1987இன் 13ஆவது திருத்தம் ஆட்சிமொழியாக்கிய தமிழில் அறிவித்தல் உள்ளதா என்று சரிபார்ப்பவர் திரையைப் பார்க்கிறார்; அங்கே தமிழ் இருக்கிறது. மொழியுரிமையும், 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம் கூறும் அணுகலுரிமையும் தனித்தனியே நிறைவேறியதாகக் கணக்கு முடிகிறது. கேட்பவருக்கோ எதுவும் கிடைக்கவில்லை.

தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் குறியீடு தரும் ஒருங்குறி (யூனிகோட்) வந்தபின் இது பழங்கதை என்று மறுக்கலாம். தமிழுக்கான இலங்கை நியமமான எஸ்.எல்.எஸ். 1326 2008இலேயே வந்தது. புதிய தளங்களின் முகப்புகள் பெரும்பாலும் ஒருங்குறியில்தான் இருக்கின்றன. ஆனால் மக்களுக்கு வேண்டிய படிவமும் சுற்றறிக்கையும் முகப்பில் இருப்பதில்லை, பிடிஎப் கோப்பாக இணைக்கப்படுகின்றன. அவற்றைத் தட்டச்சு செய்யும் மேசைகளில் பாமினி இன்னும் ஓய்வு பெறவில்லை. பல கருவிகள் அந்த இணைப்புவரை போய்த் திரும்பிவிடுகின்றன. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஊகித்துச் சொல்லும் கருவி பொய் எச்சரிக்கை தரும், ஓரிரு முறை ஏமாந்த நிரலாளர் அதை நிறுத்திவிடுவார். நியாயமான அச்சம். படத்துக்கு எழுதிய விளக்கம் பொருத்தமானதா என்பது போன்றவற்றை மனிதரிடம் விடுவதே சரி. பாமினி அந்த வகையன்று. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரிய விசை அரைப்புள்ளி. எனவே 'அம்மா' என்பதிலேயே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று சொல்லின் நடுவே அது இடைவெளியின்றி வந்துவிடுகிறது. ஆங்கில உரைநடையில் அரைப்புள்ளிக்குப் பின் இடைவெளி விடுவார்கள். நிரல்வரிகளை விலக்கிவிட்டால் (அங்கே அரைப்புள்ளிக்குப் பஞ்சமில்லை) இந்த ஓர் அடையாளமே பெரும்பாலும் போதும். எழுத்துருவின் பெயரும் கோப்பில் பதிந்திருந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

எழுத்தே இல்லாத கோப்புகளும் உண்டு. கையொப்பமும் முத்திரையும் இட்டு ஸ்கேன் செய்த சுற்றறிக்கை வெறும் படம். அதைப் பற்றிக் கருவி பேசாமல் இருந்தால் வாசகர் அதைத் தேர்ச்சி என்றே எடுத்துக்கொள்வார். ஆகவே தேர்ச்சி, தவறு என்ற இரண்டோடு 'தீர்மானிக்க இயலவில்லை' என்ற மூன்றாவது முடிவையும் அறிக்கையின் தலையிலேயே எண்ணிக்கையோடு காட்ட வேண்டும். தளத்தின் மதிப்பெண் குறையும் என்று நிறுவனங்கள் முறையிடும். குறையட்டும், அப்போதுதான் மூலக் கோப்பைத் தேடியெடுத்து ஒருங்குறியில் மீண்டும் ஏற்றும் வேலை யாரோ ஒருவரின் பொறுப்பாகிறது.