அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஃபைபர் இணையம்

தெருவரை வந்துவிட்ட கண்ணாடி இழைக் கேபிளைக் கட்டடத்துக்குள் கொண்டுசென்று ஒவ்வொரு வீட்டிலும் முடிப்பது ஃபைபர் விரிவாக்கத்தின் கடைசிக் கட்டம். ஒரே வாசலுக்குள் நூறு வீடுகள் கிடைப்பதால், தனி வீடுகளுக்குப் போவதைவிட இது எளிது, மலிவு என்று தோன்றும். ஆனால் பல நகரங்களில் பணி சிக்கிக்கொண்டது இந்தக் கடைசி ஐம்பது, நூறு மீட்டரில்தான். தெரு நகராட்சியின் பொறுப்பு; கதவுக்கு உள்ளே குடியிருப்பவர் பொறுப்பு; நடுவிலுள்ள மாடிப்படி, ஷாஃப்ட், மொட்டைமாடி எல்லாம் பொதுச்சொத்து. அங்கே துளைபோட யாரிடம் கேட்பது, போட்ட கேபிள் யாருக்குச் சொந்தம் என்ற இரு கேள்விகளிலிருந்தே பெரும்பாலான தகராறுகள் கிளைக்கின்றன.

கட்டடமும் கேபிளும்

பரவலாக உள்ள ஜிபான் முறையில், தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் ஒற்றை இழையின் ஒளியை ஸ்ப்ளிட்டர் என்ற சிறு கருவி 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ‘பி பிளஸ்’ வகுப்புக் கருவிகள் வழிநெடுகச் சேர்த்து 28 டெசிபல்வரை ஒளி இழப்பைத் தாங்கும். முப்பத்திரண்டாகப் பிரிப்பதிலேயே ஏறத்தாழ 17 டெசிபல் போய்விடும். இழையின் நீளத்தால் வரும் இழப்போ கிலோமீட்டருக்கு சுமார் 0.35 டெசிபல்தான். ஆகவே இருபது மாடி ஏறுவது ஒளிக்கு ஒரு பொருட்டே அல்ல. தூசு படிந்த ஒரு கனெக்டரும் கதவிடுக்கில் நசுங்கிய ஒரு வளைவும் அதைவிடப் பல மடங்கு கெடுதல் செய்யும். மூலைமுடுக்குகளில் வளைத்துப் போடுவதற்காகவே ஜி.657 வகை இழைகள் வந்தன. அவற்றில் ஏ2 பிரிவு 7.5 மில்லிமீட்டர் ஆரம்வரை வளையும், பழைய ஜி.652 இழைக்கு 30 மில்லிமீட்டர் வேண்டியிருந்தது.

இழை வளைந்து கொடுத்தாலும் கட்டடம் வளைந்து கொடுப்பதில்லை. பழைய கட்டடங்களில் மாடிக்கு மாடி போகும் குழாயே இராது. இருந்தாலும் தொலைபேசிக் கம்பியும் டிவி கேபிளும் அடைத்துக்கொண்டிருக்கும். புதிதாகத் தளத்தைத் துளைத்தால், தீயும் புகையும் மேலேறாதபடி அந்தத் துளையைத் தீத்தடுப்புப் பூச்சால் மூட வேண்டும். அவசரத்தில் அதிகம் விடுபடுவது இந்த வேலைதான். கேபிள் உறையும் எரியும்போது அதிகம் புகையாத, ஹாலஜன் இல்லாத வகையாக இருக்க வேண்டும்.

இந்தத் தொல்லையைத் தவிர்க்க, ஃபைபரைக் கீழ்த்தளத்தோடு நிறுத்தி, மேலே பழைய தொலைபேசிக் கம்பியையே பயன்படுத்தும் வழியும் உண்டு. ஜப்பானின் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் விடிஎஸ்எல் கருவி மூலம் இப்படித்தான் இணைப்பு தரப்பட்டது. அந்த வீடுகளின் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 100 மெகாபிட்டில் நின்றது. கீழ்த்தளக் கருவிக்கு மின்சாரமும் வேண்டும். அது யாருடைய மீட்டரில் ஓடுவது என்பது அடுத்த பேச்சுவார்த்தை.

நியூயார்க்

அனுமதிச் சிக்கல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூயார்க் நல்ல சான்று. மன்ஹாட்டனில் 1971-இல் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றை வாங்கிய ஜீன் லொரெட்டோ, கூரையில் கேபிள் டிவி நிறுவனத்தின் கம்பி ஓடுவதைப் பின்னரே கண்டார். கேபிள் பொருத்துவதைக் கட்டட உரிமையாளர் தடுக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொன்னது. இழப்பீடாக ஒரே முறை ஒரு டாலர் போதும் என்று மாநிலக் கேபிள் டிவி ஆணையம் தீர்மானித்திருந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. அரை அங்குலத் தடிமனுள்ள கம்பியானாலும், பிறர் சொத்தில் நிரந்தரமாக இடம்பிடித்தால் இழப்பீடு தந்தாக வேண்டும் என்று 1982-இல் தீர்ப்பு வந்தது. கொள்கையில் லொரெட்டோ வென்றார். தொகை என்னவோ கடைசியில் அந்த ஒரு டாலராகவே நின்றது.

ஃபைபர் காலத்தில் சண்டை பெரிதாயிற்று. நகரின் எல்லா வீடுகளையும் ஃபயோஸ் என்ற தன் ஃபைபர் வலையமைப்பு எட்டும்படி 2014 ஜூன் இறுதிக்குள் கேபிள் போட்டுமுடிப்பதாக வெரைசன் நிறுவனம் 2008-இல் நகர நிர்வாகத்தோடு ஒப்பந்தம் செய்தது. கெடு முடிந்தபின் நிறுவனம் கடமை தீர்ந்ததென்றது. 2015-இல் வந்த நகரத் தணிக்கை அறிக்கை தீரவில்லை என்றது. கட்டடத்துக்குப் பக்கத்தில் கேபிள் போனால் அந்த வீடுகள் எட்டப்பட்டதாகக் கொள்ளலாமா, வாசலுக்கே வர வேண்டுமா என்பதே வாதத்தின் மையம். உரிமையாளர்கள் உள்ளே விடவில்லை என்றும் நிறுவனம் முறையிட்டது. அதில் உண்மை இல்லாமலில்லை: நகரத்தின் பல தெருக்களில் ஒரு கட்டடத்தை அடைய அண்டைக் கட்டடத்தின் கொல்லையையோ நிலவறையையோ கடந்தாக வேண்டும், ஒருவர் மறுத்தால் பின்னாலிருப்பவரும் மாட்டிக்கொள்வார். 2017-இல் நகரம் வழக்குத் தொடுத்தது. 2020 நவம்பரில், மேலும் ஐந்து லட்சம் வீடுகளுக்குக் கேபிளை நீட்டிப்பதென்று சமரசமாயிற்று.

உரிமையாளரும் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் வேறுவகைத் தொல்லை. ஒரே நிறுவனத்துக்கு மட்டும் கட்டடத்தைத் திறந்துவிடும் ஒப்பந்தங்களை, கேபிள் டிவியைப் பொறுத்தவரை, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2007-இல் தடைசெய்தது. அதன்பின், உரிமையாளருக்கு நிறுவனம் தரும் வருமானப் பங்கு என்ற பெயரில் அதே கதவு வேறு விதமாகச் சாத்தப்பட்டது. போட்டியாளருக்கு இடமில்லாதபடி செய்யும் பங்கு ஒப்பந்தங்களையும் 2022-இல் தடைசெய்ய வேண்டிவந்தது.

பிரான்ஸ்

பிரான்ஸ் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கேள்வியையே மாற்றிவைத்தது. உரிமையாளர் சங்கம் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும். அந்நிறுவனம் தன் செலவில் கட்டடம் முழுக்க இழை போட்டுப் பராமரிக்கும். ஆனால் மற்ற நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்கு அந்த இழையைப் பயன்படுத்த இடம்கொடுத்தாக வேண்டும். குடியிருப்பவர் ஃபைபர் கேட்டால், தக்க காரணமின்றி உரிமையாளர் மறுக்க முடியாது. பாரிஸில் ஆள் நடக்கும் அளவு பெரிய பாதாளச் சாக்கடைகள் இருப்பதால், தெருவைத் தோண்டாமலே கட்டடங்களின் அடிவரை கேபிள் வந்துவிட்டது.

ஒரே செங்குத்துக் கேபிள், பல நிறுவனங்கள் என்ற இந்த ஏற்பாடு அறிவார்ந்ததுதான். ஆனால் அதன் பலவீனம், எல்லா நிறுவனங்களின் இணைப்புகளும் சேரும் பொதுப் பெட்டியில் வெளிப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் துணை ஒப்பந்தத் தொழிலாளர்களை அங்கே அனுப்பியது. புது இணைப்புக்கு இடம் தேடிய சிலர் இன்னொருவரின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் போனார்கள். கேபிள்கள் நூடுல்ஸ் தட்டுபோலச் சிக்கலாயின. வேலைக்கு முன்னும் பின்னும் பெட்டியைப் படமெடுத்து அனுப்பும் நடைமுறை அதன் பிறகே வந்தது.

இந்தியா

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கட்டடங்களுக்குள் எல்லா நிறுவனங்களுக்கும் பாகுபாடற்ற அனுமதி வேண்டும் என்று 2017 ஜனவரியில் பரிந்துரைத்தது. மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2022-இல் தொலைத்தொடர்பு வசதிக்கான பகுதி சேர்க்கப்பட்டது. மாதிரி விதி என்பதால் மாநிலங்கள் ஏற்றால்தான் அது செல்லும். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, தனியார் சொத்தின் உரிமையாளர் வழிவிட மறுத்தால், பொதுநலன் கருதி மத்திய அரசு தலையிடலாம். 2024 அக்டோபரில் டிராய் வெளியிட்ட ஒழுங்குமுறை, கட்டடங்களின் இணைய வசதிக்கு நட்சத்திர மதிப்பீடு தர வழிசெய்தது. வீடு வாங்குபவர் தண்ணீரையும் கார் நிறுத்தத்தையும் விசாரிப்பதுபோல இதையும் விசாரிக்கலாம்.

இவை புதுக் கட்டடங்களுக்கே அதிகம் உதவும். பழைய குடியிருப்புகளில் கேபிள் பெரும்பாலும் மின்கம்பத்திலிருந்தோ பக்கத்து மொட்டைமாடியிலிருந்தோ தாவி, வெளிச்சுவரில் இறங்கி, சன்னல் சட்டத்துத் துளை வழியாக வீட்டுக்குள் நுழைகிறது. நிறுவனத்துக்கு அது ஒரு நாள் வேலை. ஷாஃப்ட் வழியாக முறையாகப் போடுவதற்கு அசோசியேஷன் கூட்டம்வரை காத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் நிறுவனம் மாறினால் புதுக் கேபிள் வரும். பழையது சுவரிலேயே தொங்கும். போட்ட நிறுவனத்துக்கு அதை அவிழ்ப்பதில் வருமானம் இல்லை. யாருடையது என்று தெரியாததால் அசோசியேஷனும் வெட்டத் தயங்குகிறது.