கரைவாகுக் கரையில் விசர்நாய்க்கடி

1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை மட்டக்களப்பின் தென்பகுதியாக, கரைவாகு, நிந்தவூர், அக்கரைப்பற்று எனப் பற்றுகளாக வகுக்கப்பட்டிருந்த கரையோரத்தில், மருதமுனை முதல் பொத்துவில் வரை விட்டுவிட்டுத் தொடரும் முஸ்லிம் ஊர்களில், வீட்டு முற்றத்தில் நாய் வளர்க்கும் வழக்கம் அரிது. இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாயின் உமிழ்நீர் கடும் நஜீஸ், அதாவது ஏழுமுறை, அவற்றில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவினாலன்றி நீங்காத அசுத்தம் எனக் கொள்ளப்படுவதும், வேட்டை, மந்தைக் காவல், பயிர்க் காவல் போன்ற தேவைகளுக்கே நாய் வைத்திருக்க இடமுண்டு என்பதும் இதற்குக் காரணங்கள். ஆகவே இங்கு நாய் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியிலேயே வாழ்ந்தது: மேற்கே வயல் வட்டைகளின் காவல் வாடிகளிலும் மாட்டுப்பட்டிகளிலும், கிழக்கே கரைவலை இழுக்கும் கடலோரத்திலும், நடுவே சந்தைகளின் ஓரத்திலும். இக்கரையில் விசர்நாய்க்கடியின் வரலாற்றை எழுதப் புகுபவர் முதலில் கருத வேண்டியது, வளர்ப்பு நாய் குறைவு என்பதையன்று. கட்டாக்காலி நாய்க்கு உடையவர் இல்லை என்பதையே.

இலங்கைத் தமிழில் நீர்வெறுப்பு நோய் எனப்படும் இந்நோய், உமிழ்நீரிலுள்ள ஒரு வைரசு கடி, பிறாண்டல் அல்லது திறந்த காயத்தில் படும் நக்கல் வழியாக உடலில் புகுந்து, நரம்புகள் வழியே மெல்ல மூளையை நோக்கி நகர்வதால் உண்டாவது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை, சிலரில் ஓராண்டுக்கு மேலும், எந்த அறிகுறியும் தோன்றாது. தோன்றிய பின்னரோ மரணம் ஏறத்தாழ உறுதி. தண்ணீரை விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் இறுகித் துடிப்பதால் நோயாளி நீரைக் கண்டே அஞ்சுகிறார். இந்த அச்சத்தைச் சுசுருத சம்கிதை ‘ஜலத்திராசம்’ என்ற பெயரால் குறித்தது. யூனானி வைத்தியத்தின் மூலநூல்களுள் ஒன்றான இப்னு சீனாவின் மருத்துவ நூலும் விசர்நாய்க்கடியை விரிவாக ஆராய்ந்தது. ஊர் வைத்தியரான பரிசாரிமாரின் பச்சிலையும், காயத்தைச் சுடுதலும், ஓதிப் பார்த்தலும் பல தலைமுறைகளாக நம்பப்பட்டமைக்கு அறியாமை மட்டும் காரணமன்று. விசர்நாய் கடித்த அனைவருக்கும் நோய் வருவதில்லை. வராது தப்பியவர் ஒவ்வொருவரும் தமக்குச் செய்யப்பட்ட வைத்தியத்துக்குச் சாட்சியாக ஊரில் நடமாடினார், வந்தவரோ சாட்சி சொல்ல உயிரோடு இருக்கவில்லை.

1885 ஜூலை 6ஆம் திகதி பாரிசில் லூயி பாஸ்டர், விசர்நாயால் கடியுண்ட யோசேப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு, நோயுற்ற முயலின் முதுகுத்தண்டை உலர்த்திச் செய்த மருந்தை ஏற்றச் செய்தபோதுதான், கடிக்குப் பின்னும் நோயை முந்திக்கொள்ளலாம் என்பது உலகுக்குத் தெரிந்தது. வைரசின் மெதுவான பயணமே மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம். 1911இல் இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள், ஆட்டின் மூளையில் வளர்த்த வைரசைப் பீனால் கொண்டு கொன்று உருவாக்கிய தடுப்பூசி ஆசிய நாடுகள் பலவற்றில் பரவியது. இலங்கையில், 1900இல் டி சொய்சா குடும்பத்தின் கொடையால் நுண்ணுயிரியல் ஆய்வகமாகத் தொடங்கி இன்று கொழும்பின் பொரளையில் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் இவ்வகை மருந்தைத் தயாரித்தது. வயிற்றைச் சுற்றி நாளுக்கொன்றாகப் பதினான்கு அல்லது அதற்கும் மேற்பட்ட ஊசிகள் ஏற்றப்பட்டன. மருந்தில் கலந்திருந்த நரம்புத் திசு சிலருக்குப் பக்கவாதத்தையும் உண்டாக்கியது. மட்டக்களப்பு வாவி மீதான கல்லடிப் பாலம் 1924இலும் மட்டக்களப்புக்கான புகையிரதப் பாதை 1928இலும் வந்த பின்னரும் கொழும்பு தொலைதூரமாகவே இருந்த இக்கரையில், அறுவடை நாளில் கடியுண்ட ஒரு வயற்காரர் தொடர்ந்து இரு கிழமைகள் ஊசிக்குச் செல்வதென்பது கூலியையும் பயிரையும் கைவிடுவதாகும். செம்பிள் ஊசி 1990களில் கைவிடப்பட்டு, உயிரணு வளர்ப்பில் ஆன பாதுகாப்பான தடுப்பூசி வந்து, அது தோலினுள் சிறு அளவாகச் சில தவணைகளில் கையிலேயே ஏற்றப்படுகிறது. ஆயினும் ‘தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்ற பழைய பேச்சு மறையவில்லை, அது இன்றும் கடியை மறைக்கச் செய்கிறது.

சட்டத்தின் வரலாறு வேறு திசையில் சென்றது. 1893ஆம் ஆண்டின் நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் நாய்க்கு ஓர் உரிமையாளர் உண்டு என்ற எண்ணத்தின் மீது எழுந்தவை. உரிமையாளர் இல்லாத நாய்க்கு அவை வைத்திருந்த விடை கொல்லுதலே. 1973இல் நாடெங்கும் 377 பேர் இந்நோயால் இறந்ததைத் தொடர்ந்து, 1975இல் தொடங்கிய தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றுவதை முதன்மைப்படுத்தியதால் இறப்புகள் பெரிதும் குறைந்தன. 2006இல் கட்டாக்காலி நாய்களைக் கொல்வது கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் அதன் இடத்தைப் பெற்றன. ஆனால் தடுப்பூசி முகாமுக்கு நாயைக் கயிற்றில் பிடித்து வர ஒருவர் வேண்டும். உடையவர் இல்லாத நாய்களை ஊர் ஊராகச் சென்று வலைவீசிப் பிடித்து ஊசி ஏற்றினாலன்றி, இக்கரையோர ஊர்களில் அத்திட்டம் நிறைவேறாது.

இந்நிலை கடியுண்டவரின் சிகிச்சையையும் தீர்மானிக்கிறது. கடித்த நாயைக் கட்டிவைத்து 14 நாட்கள் கவனிக்கலாம் என்ற ஏற்பாடு, கடித்துவிட்டு வட்டைக்குள் ஓடி மறையும் நாய்க்குப் பொருந்தாது. எனவே இங்கு காத்திருப்பதற்கு இடமில்லை. இவ்வைரசின் மேலுறை கொழுப்பாலானதால் சவர்க்காரம் அதைச் சிதைக்கும்; ஆகவே காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவுவது முதற்செயல். நாயின் எச்சில் பட்டதும் கழுவும் பழக்கம் இளமையிலேயே ஊறிய சமூகத்துக்கு இது எளிதில் கைவரும். எனினும் வணக்கத்துக்கான தூய்மை வேறு, நோய்க்கான கழுவல் வேறு, திறந்த காயத்தில் மண் படலாகாது. அதன் பின் தாமதமின்றிக் கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் கசியும் கடியாயின், தடுப்பூசி பலன்தரும் வரை உடலைக் காக்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதம் காயத்தைச் சுற்றியும் ஏற்றப்படும். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இச்சிகிச்சை விலக்கன்று. நாயை விலக்கிய வீடுகள் பூனையை அன்போடு வளர்க்கின்றன; பூனையும் விசர்நாயால் கடியுண்டு நோயைக் கடத்தும், ஆயினும் பூனைக்குட்டியின் பிறாண்டலுக்காக வைத்தியசாலை செல்வதை மிகையெனக் கருதுவோர் பலர்.

ஐயத்துக்குரிய விலங்கு இறந்தால் அதன் தலையைப் பனிக்கட்டியில் வைத்துப் பொரளை நிறுவகத்துக்கு அனுப்புவது நடைமுறை. மருந்து ஒரு காலத்தில் கிழக்கு நோக்கி வந்த அதே நெடுவழியில் அத்தலை மேற்கு நோக்கிச் செல்கிறது; முடிவு வரும்வரை கடியுண்டவர் ஊசியின் அடுத்த தவணையைத் தவறவிடாமல் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும்.