தஞ்சோங் கூப்பாங்: பாதியில் நிற்கும் விடை



"காரணங்களை எழுதுக" என்று கேட்டால் நம் பிள்ளைகள் எண்ணிட்டு எழுதிவிடுவர். அவ்வாறு எழுதவியலாத நிகழ்வொன்று நம் ஜொகூர் மண்ணிலேயே உண்டு.

1977 டிசம்பர் 4. பினாங்கிலிருந்து வந்த மலேசிய விமான நிறுவனத்தின் போயிங் 737, சுபாங்கில் தரையிறங்கவிருந்த வேளையில் கடத்தப்பட்டுச் சிங்கப்பூரை நோக்கித் திருப்பப்பட்டது. அங்கே இறங்குமுன் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. விவசாய அமைச்சர் அலி ஹாஜி அகமட் உட்பட 100 பேரும் மாண்டனர்.

அதற்கு 68 நாள் முன்னர், சுபாங்கில் இறங்க வந்த ஜப்பானிய டிசி-8 விமானம் சிலாங்கூரின் எல்மினா ரப்பர் தோட்டத்துக் குன்றில் மோதி 34 பேர் இறந்தனர். அதன் காரணம் தெளிவு: ஓடுபாதை கண்ணிற்படாமலே, விமானிகள் அனுமதிக்கப்பட்ட உயரத்திற்கும் கீழே இறக்கிவிட்டனர்.

தஞ்சோங் கூப்பாங்கிலோ, ஒலிப்பதிவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. விமானிகள் சுடப்பட்டதால் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பது ஆய்வின் முடிவு. சுட்டவர் யார், எதற்காக? இன்றளவும் உறுதியாகவில்லை. ஜப்பானியச் செஞ்சேனையின் பெயர் அக்காலத்தில் பலமாக அடிபட்டது, நிறுவப்படவில்லை.

சாஆவில் என் மாணவன் ஒருவன் அப்பெயரையே விடையாக எழுதினான். பாதி மதிப்பெண்தான் இட்டேன். அவன் தந்தை சற்றே சினத்துடன் பள்ளிக்கு வந்தார். (அவர் வருத்தமும் நியாயமே.)

அடையாளம் காணவியலாத உடல்கள் ஜொகூர் பாரு, கெபுன் தே சாலையில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டுள்ளன. வரும் பள்ளி விடுமுறையில் தந்தையையும் மகனையும் அங்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன்.